பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று ஒரு திடல்

பொழுதுபோக்கு என்ற சொல்லை எங்கள் கிராமத்துப் பெண்கள் தங்களுக்குரிய சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. சங்கக் கூட்டங்களில், "நீங்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "ஓலை பின்னுவன்", "கோழிக்குத் தீன் வைப்பன்", "பிள்ளையின்ரை உடுப்புத் தைப்பன்" என்றே மறுமொழி வரும். ஒரு வேலைக்கும் மற்ற வேலைக்கும் இடையில் செய்யும் இன்னொரு வேலைக்குத்தான் அவர்கள் ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணவனை இழந்த பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் கடினமானது. அவள் சிரித்தால் ஒரு கதை, நல்ல சேலை உடுத்தால் ஒரு கதை, திருவிழாவில் கடை பார்த்து நின்றால் வேறொரு கதை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது தோர்ஸ்டீன் வெப்ளன் என்ற அறிஞர் 1899ஆம் ஆண்டு எழுதிய நூலைப் பற்றிப் படித்தோம். ஓய்வும் களியாட்டமும் எப்படி வசதி படைத்தவர்களின் அந்தஸ்தின் அடையாளமாக மாறின என்பதை அவர் அதில் ஆராய்ந்திருந்தார். அன்று அது பரீட்சைக்குரிய விடயமாகவே எனக்குத் தெரிந்தது. பதினொரு பெண்களோடு கொழும்பு நகரின் மத்தியில் ஒரு நாள் முழுவதும் சுற்றிய பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த இப்பெண்கள் பனையோலைப் பொருட்கள் செய்பவர்கள். அனைவரும் குடும்பத்தைத் தனித்துத் தாங்குபவர்கள். கொழும்பில் இரண்டு நாள் விற்பனைக் கண்காட்சிக்கு வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு பஸ்ஸில்தான் திரும்பவேண்டும். அந்தப் பகல் பொழுதை எப்படிக் கழிப்பது என்று கேட்டபோது, "எங்கையாவது சுத்திக் காட்டுங்கோவன் மிஸ்" என்றார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் கொழும்பு புதிய ஊரல்ல. ஆனால் ஒருவரேனும் கொழும்பைச் சுற்றிப் பார்த்தவரல்லர். ஒருவர் காணாமற்போன மகனைத் தேடி மனுக்கொடுக்க வந்தவர். இருவர் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகும்போது வந்தவர்கள். ஒருவர் உடம்பிலிருந்த ஷெல் துண்டை எடுப்பதற்காகப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தவர். இன்னொருவர் 2007ஆம் ஆண்டு புறக்கோட்டை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவர். அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். "அண்டைக்கு ஒரு பையோடை பஸ்ஸிலை ஏத்தினவங்கள். எந்த றோட்டாலை போனது எண்டும் தெரியாது" என்றார் அந்த அக்கா. கையில் பைல் இல்லாமல், எவரிடமும் ஒன்றும் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் கொழும்பு வீதியில் நடப்பது அவர்கள் எல்லோருக்கும் அன்றுதான் முதற்தடவை.

காலை ஒன்பது மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து மருதானைக்குப் போனோம். அங்கே டவர் மண்டபம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட பழைய நாடக அரங்கு அது. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் உருவான 'நூர்த்தி' என்னும் சிங்கள இசை நாடகங்கள் இங்கே கொடிகட்டிப் பறந்தன. எங்கள் பக்கத்து இசை நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான கலையல்ல. இரண்டுக்கும் பார்சி அரங்கின் உறவு உண்டு. ஆண்களே பெண் வேடம் தரித்து ஆடிய காலத்தில் ஆனி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்ற பெண்கள் இந்த மேடையில் ஏறினார்கள். பெண் மேடையேறுவதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்பதை நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. "எங்களை இப்ப கதைக்கிற மாதிரித்தான் கதைச்சிருப்பினம்" என்று ஒரு தங்கை சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அன்று நாடகம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே நின்று கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

அடுத்தது தாமரைக் கோபுரம். பேர வாவிக் கரையில் 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இக்கோபுரத்தின் கட்டட வேலை 2012இல் சீனக் கடனுதவியுடன் தொடங்கியது. 2019 செப்டெம்பரில் விழா எடுத்துத் திறந்துவைத்தார்கள். ஆயினும் பொதுமக்கள் ஏறிப் பார்க்க முடிந்தது 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி முதற்கொண்டுதான். நாடு கடனில் மூழ்கி, மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டு அது. தொடக்கத்தில் உள்ளூரவர்களுக்கு 500 ரூபா, 2000 ரூபா என இருவகை நுழைவுச் சீட்டுகள் இருந்தன. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் போவதற்கு முன்னர் விசாரித்துக்கொள்வது நல்லது.

நுழைவாயிலில் எங்கள் குழுவின் மூத்த அம்மா நின்றுவிட்டார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. போரின் இறுதி மாதங்களில் கணவரையும் ஒரு மகளையும் இழந்தவர்.

"நான் வரேல்லைப் பிள்ளை. நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

"உயரத்துக்குப் பயமோ அம்மா?"

"பயமில்லை. பிள்ளையைத் தின்னக் குடுத்திட்டு நான் கோபுரம் ஏறிப் பாக்கிறதோ? ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?"

இப்படியான கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. வற்புறுத்துவதும் எங்கள் வேலையல்ல. அவருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. தையல் தெரிந்த அக்காதான் திரும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தார். அவரும் தன் கணவரையும் தம்பியையும் பறிகொடுத்தவர். "அம்மா, நாங்கள் அழுறதைக் குறைச்சால்தான் அதுகளை மறந்ததெண்டு அர்த்தமில்லை. ஏறிப் பாத்திட்டு அங்கையும் அதுகளை நினைப்பம், வாங்கோ" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மின்னுயர்த்தி ஏறும்போது காது அடைத்தது. மேலே போனதும் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பக்கம் துறைமுகமும் கப்பல்களும். இன்னொரு பக்கம் புறக்கோட்டையின் தகரக் கூரைகளும் சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலும். கீழே பச்சை நிறத்தில் பேர வாவி. அதற்கப்பால் கடலை நிரவி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம். "இந்தத் தண்டவாளம்தானே எங்கட ஊர்ப்பக்கம் போறது?" என்று ஒருவர் கோட்டைப் புகையிரத நிலையத்தைக் காட்டிக் கேட்டார். அம்மா வடக்குத் திசை எதுவென்று கேட்டறிந்து அந்தப் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். இறங்கியபோது, "வடிவாய்த்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மேலே நிற்கும்போது ஒரு சிறு விடயம் நடந்தது. எல்லோரும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "முகப்புத்தகத்திலை ஒருத்தரும் போடவேண்டாமெண்டு சொல்லுங்கோ தங்கச்சி. ஊரிலை மாமியாக்கள் பாத்தால் பிள்ளையளுக்குத்தான் பேச்சு விழும்" என்றார். சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிக் கதைத்தோம். போடுவதற்கு ஏன் பயப்படவேண்டும் என்று இளையவர்கள் கேட்டார்கள். பயம் நியாயமா இல்லையா என்பதை விட, ஒருத்தியின் படத்தைப் போடுவதா இல்லையா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும் என்பதே முக்கியம் என்று முடிவாயிற்று. கேட்காமல் எவர் படத்தையும் போடுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மகளிர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும்.

சாப்பாடு புறக்கோட்டைச் சைவக் கடை ஒன்றில். பின்னர் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். எங்கள் தமிழைக் கேட்டதும் விற்பனைப் பெண் ஒருவர் ஓடி வந்தார். மலையகத்தைச் சேர்ந்த இருபது வயதுப் பிள்ளை. காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை. கோபுரம் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "தெனமும் பஸ்ல போறப்போ பாக்குறேங்க்கா. மேல போனதில்ல. லீவு கெடச்சா வீட்டுக்குத்தான் போவேன்" என்றார். நகரத்தின் களிப்பிடங்களுக்கு நடுவே வேலை செய்பவர்களுக்கு அந்தக் களிப்பு எட்டாமல் இருப்பதை அவருடைய வார்த்தைகள் எளிதாகச் சொல்லிவிட்டன. எங்கள் பெண்கள் அவரிடம் வேலை, சம்பளம், தங்குமிடம் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். புறப்படும்போது மூத்த அம்மா தன் பையிலிருந்த சிறிய பனையோலைப் பெட்டி ஒன்றை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார்.

பிற்பகல் கோட்டைப் பகுதிக்குள் நடந்தோம். போர்க்காலத்தில் இங்கே பல வீதிகள் தடைகளால் மூடப்பட்டிருந்தன. பழைய வெளிச்சவீட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே சற்று நின்றோம். 1857இல் கட்டிமுடிக்கப்பட்ட இந்தக் கோபுரத்தை வடிவமைத்தவர் அன்றைய ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் என்பதைச் சொன்னதும், "பொம்பிளையோ?" என்று பலர் வியப்போடு அண்ணாந்து பார்த்தார்கள்.

அதற்குக் கிட்டத்தான் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை. கோட்டையில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களில் அதுவும் ஒன்று. 1681இல் அது இருந்ததற்குச் சான்று உண்டு. தடித்த சுவர்கள், மரத் தீராந்திகள், ஓட்டுக் கூரை, நடுவே இரண்டு முற்றங்கள். 2011 டிசம்பரில் புனரமைத்து உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாகத் திறந்தார்கள். மாலையில் இங்கே பாட்டும் விளக்குமாக இருக்கும். விலைப் பட்டியலைப் பார்த்த ஒரு அக்கா, "ஒரு கோப்பிக் காசுக்கு நாங்கள் ஒரு பெரிய பெட்டி விக்கிறம்" என்றார். அந்தப் பெட்டியை முடைய அவருக்கு ஒன்றரை நாள் செல்லும். நாங்கள் கோப்பி குடிக்கவில்லை. முற்றத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். அதற்கு எவரும் காசு கேட்கவில்லை.

இந்தக் கட்டடத்துக்கு வேறொரு கதையும் இருக்கிறது. 1996 ஜனவரி 31ஆம் திகதி, அருகிலுள்ள மத்திய வங்கியின் மீது விடுதலைப் புலிகள் நடத்திய லொறிக் குண்டுத் தாக்குதலில் 91 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். அந்த வெடிப்பில் இக்கட்டடமும் சேதமடைந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தைக் காட்டியதாகாது என்று எனக்குப் பட்டது. சொன்னேன். சிறிது நேரம் அமைதி. காணாமற்போன மகனின் தாய்தான் முதலில் பேசினார்: "அண்டைக்கு இந்த றோட்டிலையும் தாய்மார் பிள்ளையளைத் தேடி ஓடியிருப்பினம் என்ன?" அதற்கு மேல் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. எவரும் எவருடைய இழப்பையும் நிறுத்துப் பார்க்கவுமில்லை.

வெயில் தாழ்ந்ததும் காலிமுகத்திடலுக்கு வந்தோம். அன்றைய பயணத்தில் எங்கள் பெண்களுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நுழைவுச் சீட்டு இல்லை, வாயிற்காவலர் இல்லை, உடுப்பைப் பார்த்து எடைபோடும் கண்களும் குறைவு. பட்டம் ஏற்றும் பிள்ளைகள், பாய் விரித்திருக்கும் குடும்பங்கள், கச்சான் விற்பவர்கள், இறால் வடைத் தள்ளுவண்டிகள். கடலைப் பார்த்துக்கொண்டு உறைப்பான இறால் வடையைச் சாப்பிட்டவர்கள் அதன் ருசியை மறக்கமாட்டார்கள்.

கரையோர நடைபாதையை அமைத்தவர் அதே ஆளுநர் ஹென்றி வார்ட்தான். 1856இல் தொடங்கி 1859இல் முடித்த இந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதிப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களுக்கு அவர் பரிந்துரைத்ததாக அங்குள்ள நினைவுக்கல் சொல்கிறது. அவர் மனதில் இருந்த பெண்கள் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த சீமாட்டிகளாக இருக்கலாம். எங்கள் பெண்களை அவர் நினைத்திருக்கமாட்டார். ஆனால் கல்லில் எழுதியது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றுதான். அதை எங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொள்வதில் பிழையில்லை என்று நான் சொன்னேன்.

இந்தத் திடல் களிப்பை மட்டும் கண்டதல்ல. 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கே சத்தியாக்கிரகம் இருந்தபோது தாக்கப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் இளைஞர்கள் கூடாரமடித்துத் தொடங்கிய போராட்டம் அவ்வாண்டு ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகும்வரை நீடித்தது. அந்த நாட்களில், மே 18ஆம் திகதி, இந்தத் திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சியும் வழங்கினார்கள்.

"எங்கட கஞ்சியை இங்கை வைச்சுக் குடிச்சவையோ?" என்று மூத்த அம்மா நம்பமுடியாமல் கேட்டார்.

"ஓம் அம்மா. சிங்களப் பிள்ளையளும் குடிச்சவை."

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதுவரை கடலுக்கு முதுகு காட்டியே இருந்தவர். 2009இன் பின்னர் அவர் கடற்கரைப் பக்கம் போவதில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவருக்குக் கடல் என்றால் கடைசி நாட்களின் மணலும் சத்தமும்தான். சூரியன் இறங்கத் தொடங்கியபோது அவர் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். "எங்கட பக்கம் சூரியன் கடலுக்குள்ளையிருந்துதான் எழும்பும். இங்கை கடலுக்குள்ளை போகுது. ஒரே கடல்தானே பிள்ளை?" என்றார். பிறகு கச்சான் சரையை என் பக்கம் நீட்டினார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிகளில் இறங்கி அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதுப் பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கூவினார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சகோதரிகளே, கொழும்புக்குப் போனால்தான் ஓய்வு கிடைக்கும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 1948ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைகள் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை, ஓய்வும் இளைப்பாறுதலும் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை என்கிறது. கணவன் உள்ளவர்களுக்கு மட்டும், துக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நிவாரணம், வீட்டுத்திட்டம், கடன் என்று பேசும் எங்களைப் போன்ற பணியாளர்களும் இந்த உரிமையைப் பற்றிப் பேசுவது குறைவு. உழைத்துக் களைத்த உடம்புக்கும் நொந்த மனதுக்கும் மருந்தோடு சேர்த்து மாற்றமும் வேண்டும்.

இதைச் செய்வது பெரிய காரியமுமல்ல. சங்கத்தில் மாதம் 100 ரூபாவை ஒவ்வொருவரும் தனியே சேமித்தால் ஆண்டில் 1200 ரூபா ஆகும். பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு நாள் போய்வர அது உதவும். கூட்டமாகப் போனால் பயமும் குறையும், ஊர்ப்பேச்சும் குறையும். போகும் இடத்தில் மலசலகூடம், குடிதண்ணீர், நிழல் உள்ளனவா என்று முன்னரே விசாரியுங்கள். ஊன்றுகோலோடு நடப்பவர்களும் செயற்கைக்கால் பொருத்தியவர்களும் வருவதற்கு ஏற்ற இடமாகத் தெரிவுசெய்யுங்கள். தாங்கமுடியாத நினைவு வருபவரைத் தனியே விடாதீர்கள். வராமல் இருக்க விரும்புபவரை வற்புறுத்தவும் வேண்டாம். கீழே அவருக்குத் துணையாக ஒருவர் இருந்தாலே போதும்.

ஊரிலும் இதற்கு இடமுண்டு. பாடசாலை மைதானம், வாசிகசாலை முற்றம், குளக்கட்டு, கடற்கரை எல்லாம் மாலையில் ஆண்களுக்கும் இளைஞர்களுக்கும் மட்டுமே உரியவையாக இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை அங்கே பெண்களும் பிள்ளைகளும் போய் இருந்து கதைக்கலாம். முதல் வாரம் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் பேசுவார்கள், மூன்றாம் வாரம் பழகிவிடும்.

எங்கள் பதினொரு பேரும் ஊர் திரும்பிய பின் நடந்த முதற் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் வழமையான விடயங்களின் கீழே மூத்த அம்மா இன்னொன்றையும் எழுதச் சொன்னார்: அடுத்த சுற்றுலா. எங்கே என்று கேட்டேன். "கடல் பாக்கிற இடமாய்ப் பாருங்கோ" என்றார்.